ஊசிக்கு முன்னால், டொக்டரிடம் சொல்லாத அந்த ஒன்றைச் சொல்லுங்கள் ரீச்சர்

யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

வயது 61. ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் மெற்போமின், கிளிக்லசைட் என்ற இரண்டு சீனிக் குளிசைகளை எழுதியிருந்தார்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியில் பாமசியில் வாங்கிப் போட்டிருக்கிறார், விலை கட்டுபடியாகாமல் இரண்டு நாளைக்கு ஒன்று என்று குறைத்திருக்கிறார். அதன்பிறகு ஒழுங்கு குலைந்துவிட்டது. "இந்தக் குளிசை சிறுநீரகத்தைத் தின்னும்" என்று உறவினர் ஒருவர் சொல்ல, போன வருடம் இரண்டையும் முழுதாக விட்டுவிட்டார். அதற்குப் பதிலாகக் காலையில் வெறும் வயிற்றில் பாகல் சாறு, கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய மூலிகைத் தூள், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, பனங்கட்டி. ஆனால் கிளினிக்குக்கு ஒரு தவணையும் தவறாமல் போய், கொடுக்கிற குளிசைகளை வாங்கிவந்து அலுமாரியில் வைக்கிறார். (குளிசையை விட்டதை டொக்டரிடம் சொல்லவில்லை, ஏச்சு விழும் என்ற பயம் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி.)

கடந்த ஐந்து மாதத்தில் ஆறு கிலோ குறைந்துவிட்டது. இரவில் நான்கு தடவை சலம் போக எழும்புகிறார். பத்திரிகை எழுத்து மங்கலாகத் தெரிகிறது. பாதம் விறைக்கிறது, சிலநேரம் பஞ்சில் நடப்பது போல இருக்கிறதாம். கடைசிப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி 268, எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனிக் கணக்கு) 11.2, கிரியற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் எண்) 0.9, சலத்தில் அல்புமின் என்ற புரதம் 90. இதைப் பார்த்த டொக்டர், அடுத்த கிளினிக்கில் இன்சுலின் தொடங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர்களுடைய ஒழுங்கையில் ஒருவருக்கு ஊசி தொடங்கி எட்டாம் மாதம் ஒரு காலை வெட்டி எடுத்தார்கள், அது கண்ணிலேயே நிற்கிறது. அவர் கேட்பது மூன்று: ஊசி இல்லாமல் தப்ப வழி இருக்கிறதா? நல்லூர்த் திருவிழா முடியும்வரை தவணை கேட்கலாமா? ஒருக்கால் தொடங்கினால் சாகும்வரை விட ஏலாதா?

ரீச்சர், உங்கள் நான்கு பக்கத்திலும் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த அடைப்புக்குறிக்குள் இருந்த வரிதான். உங்களுடைய மூன்று கேள்விக்கும் பதில் அதற்குள் இருக்கிறது, ஆனபடியால் அங்கேயிருந்து தொடங்குகிறேன்.

கிளினிக்கில் உங்களைப் பார்த்த டொக்டருக்கு என்ன தெரியும் என்று யோசியுங்கள். கொப்பியில் மெற்போமின், கிளிக்லசைட் இரண்டும் எழுதியிருக்கிறது. மாதாமாதம் வாங்கிப்போனதற்கும் பதிவு இருக்கிறது. முன்னால் 11.2 என்ற ரிப்போர்ட். அவர் எடுக்கக்கூடிய முடிவு ஒன்றுதான்: இரண்டு குளிசையும் முழு அளவில் போட்டும் சீனி இறங்கவில்லை, இவருடைய கணையம் களைத்துவிட்டது. ஆனால் உண்மை அதுவல்லவே. குளிசை தோற்கவில்லை, குளிசை உள்ளே போகவே இல்லை. இந்த இரண்டும் இரண்டு வேறு நோயாளிகள் மாதிரி. முதலாமவருக்கு இன்சுலின் பெரும்பாலும் நிரந்தரம். இரண்டாமவருக்கு, அதாவது உங்களுக்கு, அப்படி இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

சொல்லாமல் விடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நாளைக்கு ஒரு காய்ச்சலுக்கோ விழுந்து கை முறிந்தோ வார்டில் படுக்கவேண்டி வந்தால், கொப்பியில் இருப்பதைப் பார்த்து நேர்ஸ் பிள்ளைகள் எல்லாக் குளிசையையும் நேரத்துக்குத் தருவார்கள், இன்சுலினும் சேரும். இவ்வளவு காலம் மருந்தே காணாத உடம்பில் அத்தனையும் ஒரே நாளில் இறங்கினால் சீனி சடுதியாக விழுந்து மயக்கம் வரலாம். நான் இதைப் பயப்படுத்தச் சொல்லவில்லை, நடக்கக்கூடியது என்பதால் சொல்கிறேன்.

ஏச்சு விழும் என்று பயப்படுகிறீர்கள். விழலாம்தான். எங்கள் கிளினிக்குகளில் சனம் நிரம்பி வழியும் காலை நேரத்தில் டொக்டர்மார் பொறுமை இழப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஏச்சுக்குப் பயந்து ஒரு ஆசிரியை உண்மையை மறைக்கவேண்டி வந்தால் அந்தப் பிழை எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, உங்களிடம் இல்லை. வாயால் சொல்லக் கஷ்டமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள்: "இந்த மாதத்திலிருந்து இந்தக் குளிசைகளைப் போடவில்லை, காரணம் இது, இப்போது எடுப்பது இவை." அதைக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்துவிடுங்கள். அலுமாரியில் சேர்ந்திருக்கும் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், திகதி முடிந்தது எது, போடக்கூடியது எது என்று பார்த்துத் தருவார்கள்.

உடம்பில் என்ன நடக்கிறது

நீங்கள் வலிகாமத்துத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இப்படிச் சொல்கிறேன். கிணற்றிலிருந்து தண்ணீர் வாய்க்காலால் ஓடுகிறது. பாத்திக்குப் பாத்தி வரம்பை வெட்டித் தண்ணி மாறுகிற ஆள் ஒருவர் மண்வெட்டியோடு நிற்பார். அவர் இல்லையென்றால் வாய்க்கால் நிரம்பி ஒழுங்கைக்கு வழியும், பாத்தியில் பயிர் வாடிக்கிடக்கும். இரத்தம்தான் வாய்க்கால், சீனி தண்ணீர், தசையும் மற்ற உறுப்புகளும் பாத்தி. தண்ணி மாறுகிற ஆள் இன்சுலின்.

இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் வரம்பு இறுகிப்போகிறது, ஒரு ஆள் செய்கிற வேலைக்கு மூன்று பேர் தேவைப்படுகிறார்கள். கணையம் சில வருடம் ஈடுகொடுத்து ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும், பிறகு அதுவும் களைக்கும். வருத்தம் இருப்பதாகக் கண்டுபிடிக்கிற நாளிலேயே கணையத்தின் சுரக்கும் சக்தியில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும். உங்களுக்கு இப்போது வாய்க்கால் வழிகிறது, அதுதான் இரவில் நான்கு முறை சலம். பாத்தி காய்கிறது, அதுதான் ஆறு கிலோ. சாப்பிட்டும் மெலிகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, சாப்பாடு உடம்புக்குள் போய்ச்சேராமல் சலத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. சக்திக்கு உடம்பு தன் தசையையும் கொழுப்பையும் கரைக்கிறது.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரிக் கணக்கு. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும், அந்தக் காலம் முழுக்க அதில் ஒட்டிய சீனியை அளக்கிறார்கள். 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. உங்கள் வயதில் 7ஐ ஒட்டி வைத்திருந்தால் நல்லது. 11.2 என்றால் இரவு பகலாகச் சராசரி 275 வரை இருந்திருக்கிறது. கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் சோற்றைக் குறைத்துப் போனால் வெறும் வயிற்றுச் சீனி கொஞ்சம் ஏமாறும், இது ஏமாறாது.

சிறுநீரகத்தைத் தின்பது எது

இதில்தான் உங்களை மெதுவாகத் திருத்தவேண்டி இருக்கிறது. "குளிசையை விட்டதால் சிறுநீரகமாவது தப்பியது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ரிப்போர்ட் அதற்கு எதிராகப் பேசுகிறது.

கிரியற்றினின் 0.9 என்பதை உங்கள் வயதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 70க்குக் கொஞ்சம் மேலே வரும். நல்ல நிலைதான். மெற்போமினைக் குறைக்க யோசிப்பது 45க்குக் கீழே போனால், நிறுத்துவது 30க்குக் கீழே போனால். சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு மெற்போமின் உடம்பில் தேங்கிவிடும் என்பதால் டொக்டர்மார் அதை நிறுத்துகிறார்கள். அதைப் பார்த்த சனம், குளிசைதான் சிறுநீரகத்தைப் பழுதாக்கியது என்று மாறி விளங்கிக்கொண்டு ஊரெல்லாம் சொல்கிறது. நான் வேலை தொடங்கிய நாளிலிருந்து கேட்கிற கதை இது, எத்தனை பேருடைய வாழ்க்கையை இது கெடுத்திருக்கிறது என்று நினைக்கக் கவலையாக இருக்கிறது. மெற்போமினுக்கு உண்மையான தொந்தரவுகள் இருக்கின்றன: தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு, குமட்டல் (சாப்பாட்டோடு போட்டால், அளவைப் படிப்படியாகக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்), பலவருடம் போட்டால் விற்றமின் பி12 குறைவது. பாத விறைப்பு இருப்பதால் உங்கள் பி12ஐயும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சலத்தில் அல்புமின் 90 என்ற எண்ணைத்தான் கவனிக்கவேண்டும். 30க்குக் கீழே இருந்திருக்கவேண்டும். 30க்கும் 300க்கும் இடையில் என்றால் வடிகட்டி கசியத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம், திருப்பக்கூடிய கட்டம். சீனி இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது இந்த எண் தற்காலிகமாகவும் கூடும், ஆனபடியால் சீனி இறங்கிய பிறகு மூன்று நான்கு மாதத்தில் இன்னொரு தடவை பார்த்துத்தான் முடிவு சொல்லவேண்டும். ஆனால் கசிவுக்குக் காரணம் தேடினால், நீங்கள் விட்ட குளிசையைவிட வழிந்துகொண்டிருந்த சீனிதான் முதல் சந்தேகத்துக்குரியது. பிறஷரையும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரகத்துக்கு இரண்டும் சேர்ந்த எதிரிகள்.

அந்த ஒழுங்கைக்காரரின் கால்

ஊசி தொடங்கி எட்டாம் மாதம் கால் போனது. பார்ப்பவர் மனதில் இரண்டையும் முடிச்சுப் போடத்தான் செய்யும். அவருடைய ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை, ஆனால் இப்படியான கதைகளை வார்டில் கேட்டுக்கேட்டு எனக்கு வரிசை மனப்பாடம். பத்துப் பன்னிரண்டு வருடம் சீனி கட்டுப்பாட்டில் இருக்காது. பாதம் மரத்துவிடும், இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். குத்திய ஆணி தெரியாது, புண் தெரியாது. ஊசி போடச் சொன்ன நாளிலிருந்து அவர் ஒரு வருடம், இரண்டு வருடம் தள்ளிப்போடுவார். கடைசியில் புண் பழுத்து வார்டுக்கு வரும்போது வேறு வழியில்லாமல் இன்சுலின் தொடங்குவார்கள். அதற்குள் காலைக் காப்பாற்றும் நேரம் கடந்திருக்கும். கால் போனதற்கு ஊசியைக் குற்றம் சொல்வது, கடைசி நேரத்தில் வந்த டொக்டரைப் பார்த்து "இவர் வந்தபிறகுதான் ஆள் செத்தது" என்பது போல.

சீனியைக் கட்டுப்படுத்தினால் பலன் உண்டா என்பதை பிரித்தானியாவில் 1977இல் தொடங்கி, புதிதாக நீரிழிவு கண்ட 5,102 பேரைச் சேர்த்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1998இல் முடிவு வந்தது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய கூட்டத்தின் எச்பிஏ1சி 7.0, வழக்கமான வைத்தியம் பெற்ற மற்றக் கூட்டத்தினது 7.9. இடைவெளி ஒரு புள்ளிகூட இல்லை. அதற்கே கண், சிறுநீரகம் போன்ற சிறு இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அந்தக் கட்டுப்பாட்டுக் கூட்டத்தில் இன்சுலின் போட்டவர்களும் இருந்தார்கள், குளிசை போட்டவர்களும் இருந்தார்கள். நீங்கள் இறக்கவேண்டியது நான்கு புள்ளி.

ஊசியால் கண் போகும் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருப்பவருக்கு, பலகாலம் உயர்ந்திருந்த சீனியைச் சடுதியாக இறக்கினால், சில மாதத்துக்குக் கண் கொஞ்சம் மோசமாகலாம். நீண்டகாலத்தில் கண்ணுக்கு நன்மைதான், ஆனால் அந்தச் சில மாதத்தைக் கவனித்துத் தாண்டவேண்டும். ஆகவே இன்சுலின் தொடங்கும் அதே கிழமைகளுக்குள் கண் கிளினிக்கில் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். புதுக் கண்ணாடிக்கு இப்போது காசு கட்டவேண்டாம். சீனி கூடினால் கண்வில்லை தண்ணீர் ஏறி ஊதும், சீனி இறங்க அது பழைய நிலைக்கு வரும், ஒன்றரை இரண்டு மாதம் கழித்துச் செக் பண்ணினால்தான் சரியான பவர் தெரியும்.

சரி, வழிகள் என்னென்ன

முதலாவது வழி, ஊசியை மறுத்துவிட்டுக் குளிசைகளை மட்டும் மறுபடி தொடங்குவது. மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, உங்கள் சம்மதமில்லாமல் யாரும் ஊசி ஏற்ற முடியாது. எச்பிஏ1சி 9, 9.5இல் இருந்து நீங்களும் மெலியாமல் இருந்தால் நானே இந்த வழிக்குச் சம்மதித்திருப்பேன். ஆனால் ஒரு குளிசை பொதுவாக எச்பிஏ1சியை ஒன்று, ஒன்றரைப் புள்ளி இறக்கும். அதற்கும் கிழமைகள் எடுக்கும். அதுவரை உடம்பு கரைந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடுவது. இதற்கு நான் உடன்படமாட்டேன். 268 வெறும் வயிற்றில் நிற்கிற ஒருவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலே போதும், சீனி 400, 500 என்று ஏறி வார்டில் சேரவேண்டி வரும். சத்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, அரை மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மூன்றாவது, இன்சுலினை இப்போதே தொடங்கி, மெற்போமினையும் சிறிய அளவில் மறுபடி சேர்ப்பது. உண்மையைச் சொன்னபிறகும் உங்கள் டொக்டர் இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன், நானும் இதைத்தான் சொல்வேன். மருந்து அதே, ஆனால் அதன் நோக்கம் மாறிவிடுகிறது. சீனி நீண்டகாலம் உயர்ந்திருந்தால் அந்த உயர்ந்த சீனியே கணையத்தைத் திகைக்கவைத்து, உள்ள சக்தியையும் சுரக்கவிடாமல் பண்ணும். வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்துச் சில மாதம் ஆறவிட்டால் அது கொஞ்சம் எழும்பும். அப்போது ஊசியின் அளவைக் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்திக் குளிசையோடு விடவும் முடிகிறது. ஒன்பது வருடம் ஆன உங்களுக்கு அது நடக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன், நடக்க இடமிருக்கிறது என்று மட்டும் சொல்வேன். நடக்காவிட்டாலும், ஊசியோடு பேரப்பிள்ளைகளின் கலியாணம் கண்டவர்கள் எங்கள் கிளினிக்கில் எத்தனையோ பேர்.

சீனி அடங்கியபிறகு, சலத்தில் கசிவு இன்னும் இருந்தால், எம்பாகிளிப்ளோசின், டபாகிளிப்ளோசின் என்ற வகைக் குளிசையைப் பற்றிக் கேளுங்கள். சீனியைச் சலத்தோடு வெளியேற்றும் அதே நேரம் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கும். ஆனால் இப்படி மெலிந்துகொண்டிருக்கும்போது அதைத் தொடங்கக்கூடாது. இன்னுமொன்று, சீனி இறங்கியும் எடை திரும்பவில்லை என்றால் சொல்லாமல் விடவேண்டாம், வேறு காரணம் இருக்கிறதா என்று தேடவேண்டும்.

ஊசி போடும் விதம்

ஊசி என்றதும் உங்களுக்கு நினைவில் வருவது சின்ன வயதில் போட்ட பென்சிலின் ஊசியாக இருக்கும். இது மயிரளவு மெல்லியது, சில மில்லிமீற்றர் நீளம், தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டு வயிற்றுத் தோலுக்குக் கீழே போடுவது. விரலில் குத்திச் சீனி பார்ப்பதுதான் இதைவிட நோகும். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்து மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது, ஆகவே தினமும் இடத்தை மாற்றுங்கள். இரவில் ஒரு நேரம் என்றால் 10 யூனிற் அளவில் தொடங்குவது வழக்கம். அரச கிளினிக்குகளில் காலையும் இரவும் போடும் கலப்பு இன்சுலினும் தருவார்கள், அதைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் போட்டுவிட்டுச் சாப்பிட மறக்கக்கூடாது. இன்சுலின் அங்கே இலவசம்.

திறக்காத குப்பியைப் பிரிட்ஜின் கதவுப் பக்கத்தில் வையுங்கள், ஐஸ் பெட்டிக்குள் வேண்டாம், உறைந்த இன்சுலின் உதவாது. பாவிக்கத் தொடங்கிய குப்பியை நான்கு கிழமைக்குள் முடிக்கவேண்டும். கரண்ட் இல்லாத நாளில் எங்கள் வெயிலுக்கு மண்பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் சின்னப் பேணியில் வைத்தால் போதும். சிரிஞ்சைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல்: குப்பியில் 100 என்று எழுதியிருந்தால் சிரிஞ்சிலும் 100 என்றே இருக்கவேண்டும். இந்தியாவில் 40 அளவுச் சிரிஞ்சும் புழங்குகிறது, யாத்திரை போனவர்கள் மலிவென்று வாங்கிவருவார்கள். அதில் எங்கள் இன்சுலினை அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

இன்சுலினின் உண்மையான ஆபத்து சீனி அளவுக்கு மீறி விழுவதுதான். 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும், சிலருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொருமுறை, ஏறியபின் ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் யாரும் எதையும் ஊற்றக்கூடாது, பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும். உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் தங்கச்சிக்கு இதை இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள்.

பனங்கட்டி, குரக்கன், பாகல் சாறு

பனங்கட்டி எங்கள் மண்ணின் சாமான், எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் அது பதநீரைக் காய்ச்சி எடுத்த சீனி. நிறம் கறுப்பு, கொஞ்சம் தாதுப்பொருள் கூட, இரத்தத்துக்கு அது சீனியேதான். நாளுக்கு ஐந்து பிளேன்ரீ, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடி என்றால் கணக்கைக் கூட்டிப்பாருங்கள். குரக்கன் புட்டும் அப்படித்தான். அரிசிமாப் புட்டைவிட நல்லது, நார்ச்சத்து கூட, ஆனால் குரக்கன் என்பதற்காக ஒரு நீத்துப்பெட்டி முழுவதையும் சாப்பிட்டால் பலன் போய்விடும். சிவப்பரிசிச் சோற்றுக்கும் இதே கணக்கு. தட்டில் பாதி இலைவகை, மரக்கறி, கால்வாசி மீனோ பருப்போ, கால்வாசி சோறோ புட்டோ இடியப்பமோ. எங்கள் வீடுகளில் இது தலைகீழாகத்தான் இருக்கிறது, சோறு மலைபோல, வறை ஒரு கரண்டி. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் பாதிப் பழம் சாப்பிடுங்கள், சோற்றுக்குப் பின்னால் வேண்டாம், பின்னேரத்தில்.

பாகற்காய்க் கறியும் குறிஞ்சா வறையும் வெந்தயமும் நல்ல சாப்பாடு, விடச் சொல்லமாட்டேன். ஆனால் 11.2ஐ இறக்கும் வல்லமை அவற்றுக்கு இல்லை, உங்கள் ரிப்போர்ட்டே அதற்குச் சாட்சி. சாறு என்று வரும்போது இன்னுமொரு எச்சரிக்கை. விளிம்பிக்காய், தமரத்தங்காய் (காமரங்காய் என்றும் சொல்வார்கள்) இரண்டையும் சீனிக்கு நல்லதென்று சாறாக்கிக் குடித்துச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தவர்கள் இலங்கையிலும் கேரளத்திலும் இருக்கிறார்கள், அவற்றில் உள்ள ஒக்ஸலேற் சிறுநீரகத்தில் படிந்துவிடுகிறது. பிரண்டுமார் யாராவது சொன்னால் தொடாதீர்கள். மகன் அனுப்பிய தூளில் என்ன இருக்கிறது என்று பேணியில் எழுதவில்லை என்கிறீர்கள். அப்படியான தூள்களில் கிளிபென்கிளமைட் போன்ற சீனிக் குளிசையை இரகசியமாக அரைத்துச் சேர்த்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இன்சுலினோடு அது சேர்ந்தால் சீனி எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. தூளை நிறுத்துங்கள். பேணியையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

நல்லூர்

போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன் ரீச்சர். 25 நாளும் கந்தனைப் பார்க்காமல் உங்களால் இருக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள், அது விளங்குகிறது. ஆனால் பஞ்சில் நடப்பது போல இருக்கும் பாதத்துக்குச் சூடு தெரியாது. மற்றவர்கள் மத்தியான மணலில் கால் வைத்ததும் துள்ளி விலகுவார்கள், நீங்கள் நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் கொப்பளித்திருக்கும். ஆகவே விடியற்காலைப் பூசைக்குப் போங்கள், வெயில் ஏறமுதல் திரும்புங்கள். செருப்பை விடும் இடத்திலிருந்து வீதி நீளத்துக்கு நடக்காமல், கோயிலுக்குக் கிட்டவரை போட்டுக்கொண்டு வந்து விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது தங்கச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கொப்பளம் என்றாலும் அடுத்த நாளே காட்டவேண்டும். சுடுதண்ணீரில் கால் வைத்து விறைப்பு எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

விரதத்துக்கு, இந்த வருடம் மட்டும் விலக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியின் அளவு சரிப்படும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் பட்டினி கிடப்பது ஆபத்து. ஒருநேரச் சாப்பாட்டை விட்டுவிட்டு, ஊசியையும் நீங்களாகவே விடுவது அதைவிட ஆபத்து. கந்தசஷ்டிக்குள் சீனி நிலைப்பட்டுவிட்டால், எந்த நேரத்தில் சாப்பிடுவீர்கள் என்று டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், மரக்கறியோடு நேரத்துக்குச் சாப்பிட்டு விரதம் பிடிக்க ஒரு வழி பண்ணித் தருவார்கள்.

மகனுக்கு என்ன சொல்வது

"தனக்கு 7.2தானாம், எனக்கு 268, அவன் பயந்துபோனான்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். கனடாவில் அளவுகோல் வேறு. அங்கே மில்லிமோல், இங்கே மில்லிகிராம். எங்கள் எண்ணை 18ஆல் வகுத்தால் அவர்களுடைய எண் வரும். மகனின் 7.2 என்பது இங்கே ஏறத்தாழ 130, அது வெறும் வயிற்றில் பார்த்ததென்றால் 126ஐத் தாண்டிவிட்டது, அவரும் ஒழுங்காகப் பரிசோதிக்கவேண்டும். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்புக் கூட, எங்கள் ஆட்களுக்கு மெலிந்த உடம்பிலும் இளம் வயதிலும் வருகிறது.

ஊசி தொடங்கப்போவதைச் சொன்னால் மகன் அழுவான் என்று தயங்குகிறீர்கள். அவர் இருக்கிற அதே ரொறன்ரோவில்தான் 1922 ஜனவரியில், 14 வயதுப் பெடியன் ஒருவனுக்கு, லெனார்ட் தொம்சன் என்று பெயர், உலகத்திலேயே முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முதல் அப்படியான பிள்ளைகளுக்குப் பட்டினி போடுவதைத் தவிர வேறு வைத்தியம் இருக்கவில்லை. சாகக் கிடந்த அந்தப் பெடியன் இன்னும் 13 வருடம் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தார்கள்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது, உங்கள் சீனி அவருடைய கணக்கில் 14.9 என்று சொல்லுங்கள், நிலைமை அவருக்கு உடனே விளங்கும். குளிசையை விட்ட கதையையும் சொல்லுங்கள். அடுத்த தரம் தூளுக்குப் பதிலாக நல்ல குளுக்கோமீற்றர் ஒன்றும் அதற்குரிய ஸ்ரிப்பும், காலுக்கு அளவான முன்பக்கம் அகன்ற மெதுவான செருப்பு ஒரு சோடியும் அனுப்பச் சொல்லுங்கள். கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.